துறந்தார்க்குக் கடன் உண்டோ?

ஐதராபாத் நகரின் நடுவே, உசேன் சாகர் ஏரியில், தமிழ்ச் சிற்பியின் கைத்திறன் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. புத்தர் பெருமானின் 58 அடி உயர ஒற்றைக்கல் திருவுருவம் அது. என்.டி. இராமராவ் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1985இல், புவனகிரிக்கு அண்மையிலுள்ள இராய்கிரியின் பாறையில் உளி வைக்கப்பட்டது. தமிழகச் சிற்ப மரபில் வந்த எஸ்.எம். கணபதி ஸ்தபதி அப்பணிக்குத் தலைமை தாங்கினார். 1990 மார்ச்சு 10ஆம் நாள், மிதவையில் ஏற்றி ஏரியின் நடுவே கொண்டு செல்லுங்கால், சிலை சரிந்து நீருள் அமிழ்ந்தது. உடன் சென்றோருள் சிலர் மாண்டனர். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஏரியின் அடியில் கிடந்து, 1992 டிசம்பர் 1ஆம் நாள் அது மீட்கப்பெற்றது. 2006இல் தலாய் லாமா வந்து அதற்கு வழிபாடு ஆற்றினார்.

கொண்டாப்பூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், சார்மினாரையும் கோல்கொண்டாவையும் காட்டிய பின்னர் இந்தப் புத்தரையும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. படகில் சென்று அடிப்பீடத்தைச் சுற்றி வருங்கால், பெரியவர்களுள் யாரேனும் ஒருவர், "பெண்டாட்டி பிள்ளை தூங்கும்போது விட்டுவிட்டுப் போனவர்தானே இவர்?" என்று கேட்பதும் உண்டு. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்வி. படகு கரை சேர்வதற்குள் மறந்தும் போகும். அவ்வாறு மறந்துவிடத் தக்க கேள்வி அதுவன்று என்பது நம் கருத்து.

அதனைக் கேட்பவர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகனோ மகளோ வேலையை நாடி அயல் மாநிலம் சென்றபின், தஞ்சையிலோ நெல்லையிலோ விருதுநகரிலோ ஒரு வீட்டில் இருவராய், சிலவிடத்து ஒருவராய், வாழ்கின்றவர் அவர். சித்தார்த்தனைக் கேட்கும் அதே வாய் நம்மையும் கேட்கிறது. நேரே கேட்க மனம் வாராமையால், புத்தரைச் சாக்கிட்டுக் கேட்கிறது என்று கொள்வதில் பிழையில்லை.

பிரிவு என்பது தமிழர்க்குப் புதிதன்று. ஓதல், தூது, பகை, பொருள் எனத் தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களை நம் இலக்கணம் வகுத்தது. பிரிவுக்கெனப் பாலை என ஒரு திணையையும் தந்தது. 1998இல் சைபர் டவர்ஸ் கட்டடம் எழுந்தபின் இப்பகுதிக்கு வந்து குடியேறிய நாம் அனைவரும் பொருள்வயிற் பிரிந்தோரே. மென்பொருளும் ஒரு பொருள்தானே! ஆனால் ஒன்று கருதத்தக்கது. பாலைப் பாட்டுகளைப் படித்து முடித்த பின்னர், போகின்றவனுடைய குரலினும், போக வேண்டா என மறிக்கும் தோழியின் குரலும், மகள் சென்ற வழியை நோக்கிப் புலம்பும் தாயின் குரலுமே நம் நெஞ்சில் தங்குகின்றன. பிரிவின் நியாயத்தை இருப்பவர் பக்கம் நின்று கேட்பது நம் மரபு. புத்தர் வரலாற்றையும் அப்பக்கம் நின்று படித்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மில் பலர் அவ்வரலாற்றை முதற்கண் அறிந்தது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ஆசிய ஜோதி வாயிலாக. எட்வின் ஆர்னால்டு 1879இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட காவியத்தைத் தழுவியது அந்நூல். முதியவர், பிணியாளர், பிணம், துறவி என்னும் நான்கு காட்சிகள், பின்னர் நள்ளிரவு, உறங்கும் யசோதரை, அருகில் குழந்தை இராகுலன், வாயிலில் காந்தகன் என்னும் குதிரை, உடன் செல்லச் சன்னன் என்னும் தேர்ப்பாகன். இக்காட்சி நம் உள்ளத்தில் சுவரோவியம்போல் பதிந்துவிட்டது.

ஆயினும், பாலி நூல்களுள் பழமையானவற்றுள் ஒன்றாக அறிஞர் கருதும் அரியபரியேசன சுத்தத்தில், தாம் வீடு நீங்கியதைப் புத்தரே எடுத்துரைக்கும் பகுதி வேறு வகையாக உள்ளது. அங்கு இரவு இல்லை, உறங்கும் மனைவி இல்லை, குதிரையும் இல்லை. முடி நரையாத இளம் பருவத்தில், தாய் தந்தையர் உடன்படாமல் முகத்தில் கண்ணீர் வழிய நிற்க, முடியும் தாடியும் களைந்து, துவராடை உடுத்து வெளியேறியதாகவே அவர் சொல்கிறார். ஈன்ற தாய் மாயாதேவி அவர் பிறந்த ஏழாம் நாளில் இறந்தார் என்பது மரபு. ஆதலின் இங்குத் தாய் எனக் குறிக்கப்பெறுபவர், தமக்கையின் மகவாய் அன்றித் தம் மகவாகவே அவரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி எனக் கொள்வதே பொருந்தும்.

இவ்விரண்டு கதைகளுள் எது கொடிது? மேலோட்டமாக நோக்கின் இரவுக் கதையே கொடிதாகத் தோன்றும். சொல்லாமல் போனான் என்னும் பழி அதில் உண்டு. சற்று ஆழ்ந்து நோக்கினால் நிலைமை மாறுகிறது. உறக்கத்தில் பிரிந்தவன், தான் பிரிவதால் விளையும் துயரைக் கண்ணால் காண்பதில்லை. காணாமையால் அவன் நடை தளர்வதும் இல்லை. கண்ணீரைக் கண்டும், அதனைக் காரணமாகக் கொண்டு நில்லாமல், அடியெடுத்து வைப்பது வேறொரு செயல். பிற்காலக் கதை பிரிந்தவனுக்கு ஒரு திரையைக் கட்டித் தருகிறது. பழைய பாடத்தில் அத்திரை இல்லை. பெற்றோர் அழுததை மறைக்காமல், குறைக்காமல், நாற்பத்தைந்து ஆண்டு அறம் உரைத்த ஆசிரியர் தம் மாணாக்கரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும்.

பிரிந்தவரைவிட இருந்தவரை நினைத்த கலைஞரும் புலவரும் பௌத்த மரபிலேயே உண்டு. சாஞ்சிப் பெருந்தூபியின் கீழை வாயிலில் இத்துறவு நிகழ்ச்சி செதுக்கப்பட்டுள்ளது. புத்தரை மனித உருவில் காட்டாத காலத்துச் சிற்பம் அது. ஆகவே நகர வாயிலினின்று புறப்படும் குதிரையின் மேல் ஆள் இல்லை. குடை மட்டும் வெற்றுச் சேணத்தின் மேல் விரிந்திருக்கிறது. அதே கல்லில், பாகனுடன் திரும்பி வரும் குதிரையும் உண்டு. அதற்கு மேலே குடையும் இல்லை. சிற்பி பின்பற்றியது ஒரு கலை மரபை. ஆயினும் கபிலவத்துவில் காத்திருந்தோர் கண்ட காட்சி வேறென்ன? திரும்பி வந்த குதிரையைத்தான் அவர்கள் கண்டார்கள். அசுவகோசரோ தம் புத்த சரிதத்தில், எட்டாம் சருக்கம் முழுவதையும் அரண்மனையின் புலம்பலுக்கே ஒதுக்கினார். யசோதரை பாகனையும் குதிரையையும் கடிந்துகொள்வதை விரிவாகப் பாடினார். புத்தரின் புகழ் பாட வந்த புலவர் அப்புலம்பலை இரண்டு செய்யுளில் முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை.

அண்மைக் காலத்தில் அண்ணல் அம்பேத்கருக்கும் இக்கதை உறுத்தியது. 1957இல், அவர் மறைந்த பின்னர் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், நான்கு காட்சிக் கதையை ஏற்க இயலாதென மறுத்தார். இருபத்தொன்பது ஆண்டு வாழ்ந்த ஒருவன் அதுவரை முதுமையையும் நோயையும் சாவையும் கண்டதேயில்லை என்பது அறிவுக்குப் பொருந்துமா என்பது அவர் வினா. சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே உரோகிணி ஆற்று நீர் குறித்து எழுந்த பூசலில் போரை எதிர்த்தமையால் சித்தார்த்தன் நாடு நீங்க நேர்ந்தது என்றும், யசோதரை அதற்கு உடன்பட்டாள் என்றும் அவர் எழுதினார். (ஆற்று நீர்ப் பூசல் நமக்கொன்றும் புதிதன்று; அதன் பொருட்டு நாடு துறந்த தலைவர் எவரையும் நாம் இன்னும் காணவில்லை.) அம்பேத்கர் கூறுவது வரலாறா, மறுபடைப்பா என்பது ஒருபுறம் இருக்க, மனைவியின் இசைவின்றி ஒரு பெருமகன் பிரிந்தான் என்பதை அவர் உள்ளம் ஒப்பவில்லை என்பது தெளிவு.

அவரை நினைக்குங்கால் மற்றொன்றும் சொல்லாமல் இருக்க இயலாது. ஊர், வீடு என்ற அளவில் எல்லார் நெஞ்சிலும் இனிமை சுரக்கும் எனக் கொள்வது தவறு. சில வீடுகள் நீங்கத் தக்கன. சாத்தனாரின் மணிமேகலை துறந்தது எந்த வீட்டை? பாட்டி சித்திராபதி கட்டிக்காத்த கணிகையர் குலத் தொழிலை. அவ்வீட்டில் அவள் இருந்திருத்தல் அறமா? 1898இல் பண்டித அயோத்திதாசர் பௌத்தம் தழுவியதும், 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக் கணக்கான மக்களோடு தழுவியதும், பிறந்த இடத்தின் இழிவை உதறி வெளியேறிய செயல்களே. ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்க இயலாத ஒருவனுக்கு, பெயர் மட்டும் கேட்கும் பெருநகரம் விடுதலையாகவே தோன்றும். கொண்டாப்பூருக்கு வந்த தமிழருள்ளும் அவ்வாறு வந்தோர் உண்டு. பிரிவைக் குற்றம் எனப் பொதுவாகச் சொல்லிவிடுவோர் இவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இவர்களுக்கும் அவ்வூரில் ஒரு தாய் இருக்கிறாள். ஊருக்குக் கடன் இல்லை, அவளுக்கு உண்டு.

சித்தார்த்தன் பிரிவைப் பற்றி வழங்கும் தீர்ப்புகள் இரண்டு. உலகத்துக்கு ஒளி தந்தார், ஆதலின் வீட்டார்க்குத் தந்த துயர் பொறுக்கத் தக்கது என்பது ஒன்று. நாம் இதனை ஏற்பதற்கில்லை. வணிகர் பேரேட்டை அறிந்தோர்க்கு இது விளங்கும். ஒருவர் பெயரிலுள்ள பற்றை மற்றொருவர் பெயரில் வரவு வைத்து நேர்செய்ய இயலாது. யசோதரைக்குப் பட்ட கடனை மகத நாட்டு மக்களுக்குக் கொடுத்துத் தீர்த்தேன் என்றால் எந்தக் கணக்கப்பிள்ளை ஒப்புவார்? பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் ஊரை விட்டு வந்தோம் என்று நாம் சொல்வதும் இவ்வகைக் கணக்கே. பிள்ளைகளுக்குச் செய்தது பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு உரியது அப்படியே நிற்கிறது.

கடமையை விட்டு ஓடியவர் என்பது மற்றொரு தீர்ப்பு. இது ஓர் இரவை மட்டும் பார்த்துவிட்டு நூலை மூடுகிறது. போகாதிருந்தவரெல்லாம் கடன் தீர்த்தவர் ஆகார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பெற்ற தாயிடம் நாளைக்கு ஒரு சொல் பேசாத மக்களை நாம் அறிவோம். பிரிந்தவர் பிரிந்தபின் என் செய்தார் என்று கேட்பதே முறை. அதற்கு விநயபிடகம் தரும் விடைகள் வியப்புக்குரியன. துறவியர்க்கான ஒழுக்க விதிகளின் தொகுப்பு அது. இல்லறத்தாரின் துயர் அதில் இடம்பெறும் என்று யாரும் எதிர்பாரார்.

ஞானம் பெற்றபின் புத்தர் கபிலவத்துவுக்கு வருகிறார். யசோதரை எதிர்கொள்ள வரவில்லை என்றும், தகுதி இருந்தால் அவரே தன்னிடம் வரட்டும் என்று இருந்துவிட்டாள் என்றும், அவரும் அவள் இருக்குமிடம் சென்றார் என்றும் பிற்கால உரைநூல்கள் கூறும். மகாவக்கம் என்னும் விநயப் பகுதியோ அவள் பெயரையும் கூறாமல் 'இராகுலன் தாய்' என்றே சொல்கிறது. அவள் மகனை அழைத்து, அதோ உன் தந்தை, சென்று உனக்குரிய சொத்தைக் கேள் என்று அனுப்புகிறாள். சிறுவன் பின்தொடர்ந்து சென்று கேட்கிறான். புத்தர் சாரிபுத்தரை அழைத்து அவனைத் துறவில் சேர்க்குமாறு பணிக்கிறார். தம்மிடம் இருந்த சொத்து அதுதான்.

இவ்விடத்தை எத்தனை முறை படித்தாலும் நம் நெஞ்சு அமைதி பெறுவதில்லை. கணவனை இழந்தவள், கணவனிடம் மகனை அனுப்பி, மகனையும் இழந்தாள். தாயின் உள்ளம் என்னாயிற்று என்று நூல் சொல்லவில்லை. ஆனால் தாத்தாவின் உள்ளம் என்னாயிற்று என்று சொல்கிறது. சுத்தோதனர் நேரே புத்தரிடம் வருகிறார். நீ சென்றபோது எனக்கு உண்டான துன்பம் சிறிதன்று. உன் தம்பி நந்தன் சென்றபோதும் அவ்வாறே. இராகுலன் செல்லும்போது அது எல்லை கடந்தது என்கிறார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, தசையை அறுத்து, நரம்பையும் எலும்பையும் அறுத்து, எலும்பினுள் மூளையில் சென்று நிற்கிறது என்கிறார். இனித் தாய் தந்தையர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவில் சேர்க்கலாகாது என்று வேண்டுகிறார்.

புத்தர் என்ன மறுமொழி கூறினார்? உயிர்களின் துயரைப் போக்கவே சென்றேன் என்று கூறியிருக்கலாம். பற்றே துன்பத்துக்குக் காரணம் என்னும் தம் கொள்கையை அம்முதியவருக்கு அங்கேயே உணர்த்தியிருக்கலாம். அதற்கு அதனினும் பொருத்தமான வேளை ஏது? வாதத்தில் வெல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அவர் வாதிடவில்லை. தந்தை கேட்டதை அப்படியே ஏற்று, பெற்றோர் இசைவு பெறாத மகனைச் சேர்த்தல் குற்றம் என்று விதி செய்தார். இன்றளவும் தேரவாத நாடுகளில் துறவு ஏற்பவனை நோக்கி, பெற்றோர் இசைந்தனரா என்று வினவுவது சடங்கின் ஒரு பகுதி. ஒரு தந்தையின் கண்ணீர் அவ்வினாவாய் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. அவ்விதி இராகுலனைத் திருப்பித் தரவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டா. சுத்தோதனர் தமக்குக் கிடைக்காத ஒன்றைப் பின்வரும் தந்தையர்க்குப் பெற்றுத் தந்தார்.

வளர்த்த தாயின் கதை இன்னும் சிக்கலானது. மகாபிரஜாபதி சங்கத்தில் சேர மும்முறை வேண்டினார். மும்முறையும் மறுப்பே கிடைத்தது. தலையை மழித்து, துவராடை உடுத்து, சாக்கியப் பெண்டிர் பலருடன் வைசாலி வரை நடந்து, வீங்கிய கால்களுடன், புழுதி படிந்த உடலுடன் வாயிலில் நின்று அழுதார். ஆனந்தர் அவர் பொருட்டுப் பரிந்து பேசினார். பெண்டிரும் வீடுபேறு எய்த வல்லவரா என்று முதலில் கேட்டு, ஆம் என்ற விடையைப் பெற்றபின், ஆனந்தர் வேறொன்றையும் எடுத்துரைத்தார்: ஈன்ற தாய் இறந்தபோது தம் பாலை ஊட்டி உங்களை வளர்த்தவர் அல்லரோ இவர் என்பதே அது. கொள்கையால் மட்டும் திறவாத கதவு கடனை நினைவூட்டியபின் திறந்தது. எட்டுக் கடுமையான நிபந்தனைகளோடுதான் திறந்தது. அந்நிபந்தனைகள் நேர்மையானவையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. நேர்மையானவை அல்ல என்பதே நம் துணிபு. ஆனால் பிக்குணிச் சங்கம் தோன்றிய கதையில், ஊட்டிய பாலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அந்நூலே ஒப்புக்கொள்கிறது.

இத்தகைய செய்திகள் மேலும் உள்ளன. ஆடைகள் மிகுதியாகச் சேர்ந்த பிக்கு ஒருவர் அவற்றைத் தம் தாய் தந்தையர்க்குக் கொடுக்க விரும்பியபோது, பெற்றோர்க்குக் கொடுப்பதை என்னவென்று தடுப்பது என்னும் கருத்துப்பட இசைவு தரப்பட்டது. மற்றவர்க்குக் கொடுத்தல் கூடாது, பெற்றோர்க்குக் கொடுக்கலாம். சாவத்தி நகரத்துச் செல்வர் ஒருவரின் ஒரே மகன் துறவியானான். பெற்றோரின் செல்வம் பணியாளரால் சூறையாடப்பட்டு, அவர்கள் தெருவில் இரந்துண்ணும் நிலை எய்தினர். செய்தி அறிந்த மகன், தான் இரந்து பெற்ற சோற்றை அவர்களுக்கு முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு மெலிந்தான். ஏனைய பிக்குகள் பழித்தனர், புத்தர் புகழ்ந்தார். கண்ணிழந்த பெற்றோரைக் காட்டில் பேணிய சாமன் என்னும் சிறுவனின் சாதகக் கதையை அவர் கூறியது அவ்வேளையில்தான் என்பர். இராமாயணத்தில் தயரதன் அம்புக்கு இரையான சிறுவனை அறிந்த நமக்குச் சாமன் அயலான் அல்லன்.

நூலில் உள்ளது வாழ்வில் இருந்ததா என ஐயுறுவோர்க்குக் கல் சான்று பகர்கிறது. நம் கொண்டாப்பூரின் பெயரையே தாங்கிய மற்றோர் ஊர் சங்காரெட்டி மாவட்டத்தில் உண்டு. அங்குள்ள மேட்டை 1940களின் தொடக்கத்தில் ஐதராபாத் அரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, சாதவாகனர் காலத்து நாணயங்களையும் சுடுமண் பாவைகளையும் பௌத்தக் கட்டடச் சிதைவுகளையும் கண்டனர். இன்று அங்கு ஓர் அருங்காட்சியகம் உள்ளது. (முகவரி கேட்டால் இரண்டு கொண்டாப்பூருக்கும் நடுவே நாம் படும் பாடு தனிக் கதை.) தெலுங்கு நிலம் முழுதும் இவ்வாறு பௌத்தம் வேரோடிய நிலமே; அதன் தலைசிறந்த சின்னம் அமராவதி. அமராவதிக் கற்களில் கணிசமானவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தூபிக்குக் கல் கொடுத்தோர் தம் பெயரைப் பொறித்தபோது, தாயுடன், மனைவியுடன், மக்களுடன் எனச் சுற்றத்தாரையும் சேர்த்தே பொறித்தனர். துறவு பூண்ட பெண்டிர், தம் புதல்வியரோடு கூடி அளித்த கொடைகளும் அவற்றுள் உண்டு. இந்தியாவெங்கும் பிக்குகளும் பிக்குணிகளும் தம் தாய் தந்தையர் நலம் கருதி அளித்த கொடைக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்து, பெற்றோர்க் கடன் இந்தியத் துறவியரிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது, அது சீன நாட்டில் சேர்ந்த பண்பன்று என அமெரிக்க அறிஞர் கிரெகரி ஸ்கோபன் 1984இல் நிறுவினார். வீட்டை விட்டவர்கள் வீட்டாரின் பெயரை விடவில்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். அக்காலத்தில் மாதம் பிறந்தால் மணியார்டர் சென்றது. இன்று கைப்பேசியில் ஒரு தட்டலில் பணம் போய்ச் சேர்கிறது. மாலையில் முகத்தையும் திரையில் காண்கிறோம். இவை சிறியவை அல்ல. நோய்க்கு மருந்தும் அடுப்புக்கு அரிசியும் இவற்றால்தான் வருகின்றன. பணம் அனுப்புவதை இழித்துப் பேசுவோர் பணம் வாராத வீட்டைக் கண்டதில்லை. ஆயினும் தாய் தந்தையரை இரு தோளிலும் நூறாண்டு சுமந்து, நீராட்டி, கால் பிடித்து, ஏழு மணிகளும் நிறைந்த நிலத்துக்கு அரசராக்கினும் கடன் தீராது என்று அங்குத்தர நிகாயத்தில் சொன்னவர், நல்லொழுக்கத்திலும் தெளிந்த அறிவிலும் அவர்களை நிலைநிறுத்துவதே ஈடு என்றும் சேர்த்துச் சொன்னார். அதாவது, அவர்களைப் பேணத்தக்க உடலாக மட்டும் கருதாமல், இன்னும் வளரத்தக்க உள்ளமாகக் கருதவேண்டும் என்றார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நாள்தோறும் கேட்கும் நாம், என்ன படித்தீர்கள், எதை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பது எத்தனை நாள்?

ஊரில் விடாமல் உடன் அழைத்து வந்தோர்க்கு வேறோர் இடர். பன்னிரண்டாம் மாடியில், தெலுங்கும் இந்தியும் அறியாமல், காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் பேரனும் புறப்பட்டுப் போனபின், காவலாளியிடம் பேசவும் மொழியின்றி இருக்கும் முதியோரை நாம் ஒவ்வொரு குடியிருப்பிலும் காண்கிறோம். இங்கே பிரிந்து வந்தவர் யார்? திண்ணையையும் தெருவையும், காலையில் பால் கொண்டுவருபவரின் குரலையும் நம் பொருட்டுத் துறந்து வந்தவர்கள் அவர்கள். மூன்று வேளைச் சோறும் தனியறையும் தந்தோம் என்பதால் அத்துறவின் கடன் நேராகிவிடுமா? தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் நடத்துவதோடு, இவர்கள் நாள்தோறும் ஒருவரோடொருவர் பேச ஒரு கூடம் அமைப்பின், அது சிறந்த இலக்கியப் பணியாகவே இருக்கும்.

இங்கு நாம் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று அதே மகாவக்கத்தில் உள்ளது. புத்தரும் ஆனந்தரும் பிக்குகளின் உறைவிடங்களைப் பார்த்து வருங்கால், ஒருவர் வயிற்றுப்போக்கால் நலிந்து, தம் மலமூத்திரத்தினிடையே கிடப்பதைக் கண்டனர். உம்மைப் பேணுவார் இல்லையா என்று புத்தர் கேட்டார். இல்லை என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, நான் பிக்குகளுக்குப் பயன்படாதவன், ஆதலின் எவரும் பேணுவதில்லை என்றார். பின்னர்ப் புத்தர் பிக்குகளைக் கூட்டி, உங்களைப் பேணத் தாயும் இங்கில்லை, தந்தையும் இங்கில்லை. நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்றும், தம்மைப் பேண விரும்புவோர் நோயுற்றவரைப் பேணட்டும் என்றும் கூறினார். வீடு துறந்த ஆயிரவர் நடுவே, வீடு செய்யும் வேலையை யார் செய்வது என்னும் வினா எழுந்த நாள் அது.

ஆனால் இவ்வுரை பின்னர் நிகழ்ந்தது. முதலில் ஆனந்தரை நீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். கழுவியபின் தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகப் பிடித்துத் தூக்கி, அவரைக் கட்டிலில் கிடத்தினர்.